இசைவாணி கேட்டு வாங்கிய பூங்கா

வடக்குப்பட்டில் இசைவாணியின் வீட்டுக்கு வழி சொல்வது சுலபம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கம்பெனிச் சுவர் குறுக்கே வந்து மறிக்கும் வரை நடக்க வேண்டும். சுவரை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. மாடியில் அவளும் கணவன் ரகுவும் இருக்கிறார்கள். கீழே ஒரே வரிசையில் எட்டு அறைகள். அவற்றில் சென்ற ஆண்டு புரட்டாசி வரை தெற்கத்திப் பெண்கள் குடியிருந்தார்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கங்களிலிருந்து ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள்.

இசைவாணி பிறந்தது பென்னலூரில். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கைபேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நின்றாள். கல்யாணமாகி வடக்குப்பட்டுக்கு வந்த பிறகும் அதே பஸ், அதே லைன். ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் வந்த தொகையை ரகு ஆட்டோவில் போடலாம் என்றான். அவள் அறைகள் கட்டலாம் என்றாள். ரகுவின் அப்பா நிலமெல்லாம் ஏற்கெனவே கம்பெனிகளுக்குப் போய், மிஞ்சியிருந்தது சுவரோரத்து வீட்டு மனை மட்டும்தான். அதில் எழுந்தவை இந்த எட்டு அறைகள். ரகு கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டான்.

ஷிஃப்ட் வேலையின் வலி தெரிந்தவள் என்பதால் இசைவாணி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள் கதவுக் கொண்டியில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். துணி தொங்கினால் அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது. சிலிண்டர்காரன் வந்தாலும், ஊரிலிருந்து பெற்றவர்களே வந்தாலும், மாடியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். ரகு தன் பைக்கைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வான்.

"சொந்த வூட்ல திருடன் மாதிரி போவ வேண்டியதா கீது," என்பான்.

"நீ எட்டு மணி நேரம் நின்னுகினே வேல செஞ்சிருந்தா தெரியும். தள்ளிகினு போ," என்பாள் அவள்.

அந்தப் பெண்களுக்கு அவள் வீட்டுக்காரி அல்ல, அக்கா. வேறு இடங்களில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு அறைகள் உண்டு. இருந்தும் இங்கே வந்தார்கள் என்றால், தூங்கவிடுகிற வீடு என்று பெயர் வாங்கியிருந்ததுதான் காரணம்.

வீட்டுக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் காடு. காடு என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். கம்பெனி தன் இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஷெட்டும் ரோடும் லாரி நிறுத்தும் இடமுமாக நிரப்பிவிட்டு, ஊர்ப் பக்கத்து மூலையில் ஐந்து ஏக்கர் போல ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தது. நடுவில் பள்ளம். பள்ளத்தில் கோரையும் நாணலும். சுற்றிலும் ஈச்சம்புதர், காரைச் செடி, நொச்சி, நாலைந்து பனைகள், இடுப்புயரப் புற்றுகள். இவ்வளவு விலை போகிற இடத்தை ஏன் சும்மா விட்டார்கள் என்று ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். பங்காளி கேஸ் என்றார் ஒருவர். வாஸ்துப்படி அந்த மூலையில் பாரம் ஏற்றக் கூடாதாம் என்றார் இன்னொருவர்.

ஷெட்டுக் கூரைகளின் மழைநீரெல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தது. மழை பெய்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சுவரின் அடியில் விட்டிருந்த ஓட்டைகளின் வழியாக விரல் கனத்துக்குத் தண்ணீர் கசியும். வெளிறிய டீ நிறத்தில், அவசரமில்லாமல் வந்து, தெருக் கால்வாயில் இறங்கி ஏரிக்குப் போகும். மழை நின்று பல நாள் ஆன பிறகும் கசிந்துகொண்டிருக்கும். அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அந்த ஓட்டைகளின் வழியாகப் பாம்பும் வந்தது. அதைத்தான் எண்ணினார்கள்.

சாரையும் தண்ணீர்ப்பாம்பும் வந்தவரை சமாளித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில் ஒரு காலை, துவைக்கிற கல்லருகே நின்ற சுகப்பிரியாவின் காலில் கண்ணாடி விரியன் கடித்தது. விளாத்திகுளத்துப் பெண், இருபத்தொரு வயது. ரகு கம்பெனி பஸ்ஸிலேயே அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். பிழைத்துவிட்டாள். ஆனால் கால் தொடைவரை வீங்கி, ஒரு மாதம் ஊரில் கிடந்தாள். அவளைப் பார்க்க இசைவாணி விளாத்திகுளம் வரை போனாள்.

"வேலைய விடமாட்டேன் அக்கா. ஆனா அந்தக் காட்டுப் பக்கத்துல வந்து படுக்க அம்மா விட மாட்டுக்கா. காடு போச்சின்னா சொல்லுங்க, வாரேன்," என்றாள் சுகப்பிரியா.

மற்றப் பெண்களும் பயந்து போயிருந்தார்கள். இரண்டு அறை காலியாயிற்று. இசைவாணிக்குத் தன் அறைகள் போய்விடுமோ என்ற கவலை ஒரு பங்கு என்றால், இந்தப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் இப்படி ஆயிற்றே என்ற உறுத்தல் இரண்டு பங்கு. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபையில் அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். வாழ்க்கையில் அதற்கு முன் அவள் மைக் பிடித்ததில்லை.

"கம்பெனி எல்லாத்தையும் அழிச்சிது. அந்தக் காட்ட மட்டும் எதுக்கு வெச்சிகினு கீது? அழிச்சிக் குடுக்கச் சொல்லுங்க. ஓட்டையெல்லாம் அடைக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுப் புள்ளைங்க உசுரோட இருக்கணும்."

வார்டு மெம்பர் நடேசன் முதலில் கை தட்டினார். கூட்டம் முழுவதும் தட்டியது.

கம்பெனியில் நிர்வாகம் பார்த்தவர் புருஷோத்தமன். நல்ல மனிதர் என்று இசைவாணி இன்றைக்கும் சொல்கிறாள். அந்த வாரமே நேரில் வந்தார். அவருக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. கம்பெனி இத்தனை ஆயிரம் மரக்கன்று நட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும். நட இடமில்லை.

"பழைய டிராயிங்ல அந்த இடத்தைத் தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு மேடம்," என்றார். "ஏன்னு கேட்டா இப்ப இருக்கிறவங்க யாருக்கும் தெரியல. போட்டவங்க யாரும் இப்ப இல்ல. ஊரே கேக்குதுன்னா நான் மேல பேசிப் பாக்கறேன். உங்களுக்கும் பாம்புத் தொல்லை போகும், எங்களுக்கும் பசுமை ஆச்சு."

பேசினார். வேலை நடந்தது. தை மாதம் இரண்டு ஜேசிபி வந்து ஈச்சையையும் நொச்சியையும் வேரோடு பெயர்த்தன. புற்றுகளை இடிக்கும் முன் நடேசன் பால் ஊற்றிக் கற்பூரம் காட்டினார். பள்ளத்தை லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். ரோலர் ஓட்டி இறுக்கினார்கள். மேலே புல்தரை, நடைபாதைக்குச் சிமென்ட் கல், வரிசை பிடித்தாற்போல வேம்பும் புங்கனும் பாதாமும். சுவரின் ஓட்டைகளை அடைத்தார்கள். மழைத் தண்ணீர் எங்கும் தேங்காமல் போகச் சுவரை ஒட்டி நேராக ஒரு கான்கிரீட் வாய்க்கால் கட்டி, அதன் கடைசியில் ஒரு பெரிய குழாயை வைத்துத் தெருக் கால்வாயில் விட்டார்கள். குழாய் வாய் இசைவாணியின் வீட்டு மூலைக்கு நேர் எதிரே வந்தது.

ஜூன் மாதம் சுற்றுச்சூழல் நாளன்று விழா. இசைவாணியை அழைத்து, சால்வை போர்த்தி, ஒரு புங்கங்கன்றை நடச் சொன்னார்கள். புருஷோத்தமன் எல்லாருக்கும் முன்னால், "இந்தப் பூங்கா இவங்க கேட்டு வந்தது," என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்று மாலையே சுகப்பிரியாவுக்குப் போன் செய்தாள். அவள் வந்துவிட்டாள். காலியான அறைகள் நிரம்பின. சங்கரன்கோவில் பூமாரி மாடியில் நின்று சுவருக்கு அப்பால் பார்த்து, "எக்கா, டிவியில காட்டுத பங்களா மாதிரில்லா இருக்கு," என்றாள். அந்தக் கோடையில் ஒரு பாம்பும் வரவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. புயலில்லை, சிவப்பு எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பெய்கிற மழைதான். காலையில் தொடங்கி ஒரு மணி நேரம் போல அடித்துப் பெய்தது. இசைவாணி மாடியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். குழாய் வாயிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. எட்டிப் பார்த்தாள். கம்பெனிக் கூரைகளின் தண்ணீர் முழுவதும் ஒரே வாயால் வந்து விழுந்துகொண்டிருந்தது. தெருக் கால்வாய் அதற்குள் நிரம்பி, அறைகளின் வராந்தாவில் ஏறிவிட்டது.

கீழே ஓடினாள். செருப்புகள் மிதந்தன. வாளிகள் மிதந்தன. நான்கு கதவுகளில் துணி தொங்கியது. அவள் செருப்புகளைப் பொறுக்கி ஜன்னல் திண்டில் வைத்தாள். வாளிகளைப் படியில் ஏற்றினாள். வாசற்படியைப் பார்த்தாள். இன்னும் நான்கு விரற்கடை மேலே இருந்தது. ஏறட்டும், ஏறினால் தட்டுவோம், விடிய விடிய நின்றுவிட்டு வந்த பிள்ளைகள், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தாள். தான் போட்ட சட்டத்தைத் தானே மீற அவளுக்குக் கை வரவில்லை. படியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தண்ணீர் வாசற்படி வழியாக வரவில்லை. ஒவ்வொரு அறையிலும் சமையல் மூலையில் கழுவுகிற தண்ணீர் வெளியே போவதற்கு ஓர் ஓட்டை உண்டு. அது பின்பக்கம் சுவரோரச் சாக்கடையில் திறக்கும். அந்தச் சாக்கடை நிரம்பித் தண்ணீர் ஓட்டை வழியாக எதிர்த்து உள்ளே வந்திருந்தது. அவள் படியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், மூடிய கதவுகளுக்குப் பின்னால் பாய்கள் நனைந்துகொண்டிருந்தன.

மூன்றாம் அறையில் பூமாரியின் அலறல் கேட்டபோதுதான் இசைவாணிக்கு உறைத்தது. பூமாரி தரையில் படுத்துத் தூங்கியவள். தலைமாட்டில் தரையிலேயே மின்சார எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கூந்தல் ஈரமானதும் தூக்கக் கலக்கத்தில் போனை எடுக்கக் கையை நீட்டியிருக்கிறாள். இசைவாணி கதவுக்கு ஓடவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த மெயினுக்கு ஓடி இழுத்துவிட்டாள். அந்த ஒன்றைச் சரியாகச் செய்தாள். பிறகு துணி தொங்கிய கதவுகளையெல்லாம் இரண்டு கையாலும் அடித்தாள்.

பூமாரியின் வலது கை சாயங்காலம் வரை மரத்துப்போயிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. எட்டு அறைப் பெண்களும் மாடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்குள் வெயில் அடித்தது. தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்தும் போயிற்று.

"நல்ல வேள, நீ மெயின ஆஃப் பண்ண," என்றான் ரகு.

"முன்னாடியே தட்டியிருக்கணும்," என்றாள் அவள். அதை அன்று முழுவதும் வேறு வேறு ஆட்களிடம் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் தண்ணீர் இன்னும் மூன்று முறை அறைகளுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் மழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள். முன்பெல்லாம் இதே மழைக்கு இரண்டு நாள் கழித்து விரல் கனத் தண்ணீர்தானே வந்தது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். விஷயம் விளங்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. விளங்கி என்ன செய்ய என்பதுதான் விளங்கவில்லை.

நடேசனிடம் போனாள்.

"நீதானம்மா கேட்ட," என்றார் அவர். "மைக்க புடிச்சிகினு கேட்ட. நான் வேற கையத் தட்னேன். இப்ப நான் போய், பாம்பப் புடிச்சாந்து திரும்ப வுடுங்கன்னு கேட்டா, என்னை இன்னான்னு நெனப்பான்?"

"பாம்பு வந்தாலும் பரவால்ல மெம்பரே. பாம்பு ஒருத்தரத்தான் கடிச்சிது."

அவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அவளோடு கம்பெனிக்கு வந்தார்.

புருஷோத்தமன் தட்டிக் கழிக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு நீர்ப் பொறியாளரை வரவழைத்தார். அவர் குடையோடு பூங்காவைச் சுற்றி நடந்து, குழாய் வாயைப் பார்த்து, பழைய டிராயிங்கையும் அதோடு சேர்ந்த வேறொரு அறிக்கையையும் பார்த்து, ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் போலச் சொன்னார்.

"அந்தப் பள்ளமும் புதரும்தான்மா இத்தனை கூரைத் தண்ணியையும் புடிச்சி வெச்சிருந்தது. வேர் இருக்கிற மண்ணு உறிஞ்சும், கோரை வேகத்தைக் கொறைக்கும், மிச்சம் மெதுவா வெளிய போகும். விட்டு வெச்சதே அதுக்குத்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"யாரும் கேக்கலையேம்மா."

"அப்ப திரும்ப வுட்டுடுங்க சார். வெட்டாம அப்டியே வுட்டா வளந்துடாதா?"

அவர் ஷூவின் குதிகாலால் புல்தரையை அழுத்திக் காட்டினார். பதியவில்லை. "ரோலர் போட்டு இறுக்கின மண்ணு. இது தண்ணி குடிக்காது. பழையபடி காடாகணும்னா பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். ஆனாலும் பள்ளம் திரும்ப வராது. தோண்டணும்."

தோண்டினால் மரக்கன்றுகளை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதோடு படமெடுத்து அனுப்பியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் அதே கன்று வளர்ந்திருப்பதைப் படம் காட்ட வேண்டும். "புதர் இருந்தப்போ அந்த இடம் தரிசுன்னுதான் கணக்குல இருந்தது மேடம். இப்பதான் பசுமைன்னு ஏறியிருக்கு," என்றார் புருஷோத்தமன். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயை ஏரி வரை நீட்டலாம் என்று ஒரு யோசனை எழுதினார். நடுவில் இருந்தவை மூன்று பேருடைய மனைகளும் ஒரு ரோடும். அந்த யோசனை மேலே போன நிலையில் பங்குனியில் அவரைப் புனே கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் இசைவாணியை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். பூங்காவில் புல் வெட்டும் ராஜம்மா அதே தெருக்காரி. அவளிடம் போய், வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு இடத்தை வெட்டாமல் விடச் சொன்னாள்.

"வுட்டா இன்னாடி ஆவும்?"

"தெரியலக்கா. வுட்டுப் பாரேன்."

ராஜம்மா விட்டாள். சித்திரையில் பெய்த கோடை மழைக்கு அந்தத் துண்டில் புல் முட்டி உயரம் வந்தது. எங்கிருந்தோ இரண்டு கோரை தலை நீட்டின. நொச்சி ஒன்று தளிர்த்தது. இசைவாணி காலையில் துணி காயப்போடும்போதெல்லாம் மாடியிலிருந்து அதைப் பார்ப்பாள். சுகப்பிரியாவும் பார்த்தாள். கொலுசைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். கடித்த கால் அது. ஒரு நாள் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று சூப்பர்வைசர் சுற்றி வந்தவர், அந்தத் துண்டைப் பார்த்து ராஜம்மாவைத் திட்டினார். மதியத்துக்குள் அது மற்ற இடம்போல மட்டமாகிவிட்டது.

"வேல பூடும்னான் இசை. நான் இன்னா பண்ணட்டும்," என்றாள் ராஜம்மா.

"நீ இன்னா பண்ணுவ," என்றாள் இசைவாணி.

ஆவணி முடிந்து புரட்டாசி வந்தது. தொலைக்காட்சியில் வடகிழக்குப் பருவமழை பற்றிப் பேசத் தொடங்கியதும் இசைவாணிக்குத் தூக்கம் கெட்டது. மின்சாரப் பெட்டிகளையெல்லாம் சுவரில் உயரத்தில் மாட்டினாள். எல்லா அறைக்கும் கட்டில் வாங்கிப் போட்டாள். கதவில் துணி தொங்கினாலும் மழை வந்தால் தட்டுவேன் என்று சட்டத்தை மாற்றினாள். ஆனால் மழை வருகிற நேரத்தில் தான் கடைக்குப் போயிருந்தால்? கட்டிலிலிருந்து ஒரு பெண் தூக்கத்தில் காலை இறக்கினால்? கேள்விகளுக்கு முடிவே இல்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன் எட்டு அறைப் பெண்களையும் மாடிக்கு அழைத்தாள்.

"ஒரகடத்துல ஒரு ஹாஸ்டல் பேசியிருக்கேன். மாடி ரூம்பு. எல்லாரும் போயிடுங்க."

"எக்கா, நாங்க ஏதும் சொன்னமா? தண்ணி வந்தா மேல ஏறிட்டுப் போறோம்," என்றாள் பூமாரி.

"ஒன் கை மரத்துப் போச்சே, அத நான் மறக்கல."

"அதான் சரியாப் போச்சில்லா. அந்த ஹாஸ்டல்ல பகல்ல பாட்டுப் போடுவாளாம். அங்கன எப்பிடித் தூங்க?"

ஒவ்வொருவராக எழுந்து கீழே போனார்கள். சுகப்பிரியா மட்டும் கடைசியாக எழுந்து வந்தாள். "என்னாலதானக்கா. எனக்குக் கடிக்கலைன்னா நீங்க அந்த மைக்க வாங்கிருக்க மாட்டீயள்."

"போடி லூசு. பாம்பு கடிச்சா கத்தத்தான் செய்வாங்க. கத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த விசாரிச்சிருக்கணும். அது எனக்குத் தோணல, மெம்பருக்குத் தோணல, ஆபீசருக்கும் தோணல. ஒன் கால் இன்னா பண்ணும்?"

மறுநாள் காலை, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்கவில்லை. பெட்டிகளைக் கட்டினார்கள். ரகு டியூட்டி முடிந்து, தெரிந்தவர் வேனில் இரண்டு நடையாக அவர்களைக் கொண்டுபோய் இறக்கினான்.

அந்த வாரம் கொத்தனார் அப்பாவு வந்தார். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கச் சுவர் எழுப்பச் சொல்வாள் என்றுதான் அவர் செங்கல் விலை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். இசைவாணி அவரிடம் கேட்டது வேறு. ஒவ்வொரு அறையிலும் பின்சுவரின் அடியில் ஒரு முழத்துக்குத் திறப்பு. முன்னால் வாசற்படியை உடைத்துத் தரை மட்டம்.

"நல்லாதானே கீது ரூம்பு, எதுக்கும்மா ஒடைக்கிற?"

"நின்னா செவுரு ஊறி வுழுந்துடும்ணே. மேல நாங்க கீறோம். வந்தா வரட்டும், நிக்காம போவட்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு உடைத்தார்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. இசைவாணி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். குழாய் சத்தம் போடத் தொடங்கியது. தண்ணீர் பின்சுவர்த் திறப்புகளின் வழியாக எட்டு அறைகளுக்குள்ளும் புகுந்து, காலியான கட்டில்களின் கால்களைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கியது. எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. கொண்டிகளில் துணி எதுவும் இல்லை. யாரையும் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. சுவருக்கு அப்பால் பூங்காவின் சிமென்ட் கற்கள் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தன. அவள் படியில் அப்படியே உட்கார்ந்து, தண்ணீர் தன் அறைகளைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.